யாரை அடிக்கலாம்?

அண்ணன் மகன் போனில் 'ஃபைனல் ஃபைட்' விளையாடிக்கொண்டிருந்தான். இளஞ்சிவப்பு முடியோடு கரணம் அடித்து வந்த ஒருத்தியைக் குத்திச் சாய்த்தான். "ஏல, பொம்பளப் பிள்ளையப் போட்டு இந்த அடி அடிக்கியே" என்றேன். "அவ பொம்பளயே இல்ல அத்தை, அடிக்கலாம்" என்றான்.

அவள் பெயர் பாய்சன். ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1989இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் வந்து விழும் அடியாட்களில் ஒருத்தி. மேயரின் மகளைக் கடத்திவிட்டார்கள். அவளை மீட்க அப்பாவும் காதலனும் அவன் நண்பனும் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் அடித்துக்கொண்டே போகிறார்கள். காப்பாற்றப்பட ஒருத்தி, அடிபட ஒருத்தி. பெண்ணை அடித்தால் அமெரிக்காவில் எதிர்ப்பு வரும் என்று பயந்து இவளைத் திருநங்கை ஆக்கினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதுவும் போதவில்லை. சூப்பர் நின்டெண்டோவுக்கான அமெரிக்கப் பதிப்பில் அவளையும் அவள் ஜோடி ராக்ஸியையும் நீக்கிவிட்டு பில்லி, சிட் என்று இரண்டு ஆண்களை வைத்தார்கள்.

பெண்ணை அடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் நானும் அவனை வளர்த்தேன். அந்த விதிக்குள் இப்படி ஓர் ஓட்டை இருப்பதை யோசிக்கவில்லை. அது அடியை நிறுத்துவதில்லை. அடிபடுகிறவள் பெண்தானா என்று முதலில் விசாரிக்கிறது. எங்கள் தெருவில் கேட்காததா? "அவ பொம்பள மாதிரியா நடந்துக்கிட்டா?" என்று ஒரு குரல் வந்துவிட்டால் போதும், அடித்தவன் பக்கம் நியாயம் வந்துவிடும். எதிர்த்துப் பேசியவள், இருட்டிய பிறகு வீடு திரும்பியவள், எல்லோரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் கை ஓங்குகிறார்கள். திருநங்கைகளின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியதே இல்லை.

இத்தனைக்கும் சங்கரன்கோவில்காரர்கள் நாங்கள். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் மோதிக்கொண்டதற்கு, ஒரே உடம்பில் இருவராக நின்ற சங்கரநாராயணரைக் கும்பிடுகிறவர்கள். அந்தக் காட்சிக்காகக் கோமதியம்மன் தவமிருந்த ஆடித்தபசுக்கு ஊர் கொள்ளாத கூட்டம். சாமியிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

பாய்சன் பிறகு ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் வீராங்கனையானாள். 2012இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன்', 2014இல் 'அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4'. அந்த 2014 ஏப்ரலில்தான் நம் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. பாய்சனுக்கு அது வாய்க்கவில்லை. அவள் யார் என்பதை இன்றும் அவளை உருவாக்கியவர்களும் ரசிகர்களும்தான் பேசித் தீர்க்கிறார்கள். உடுப்பும் ஆண் கண்ணுக்குத் தைத்ததுதான். இதைக் கொண்டாட எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. எதிராளிக்கு இருப்பதுபோல அவளுக்கும் திரையின் மேலே ஓர் உயிர்க்கோடு. தடுக்கிறாள், திருப்பி அடிக்கிறாள், சில ஆட்டங்களில் ஜெயிக்கிறாள். இப்போதும் அவளை அடிக்கலாம். அதற்கு அவள் பெண்ணில்லை என்று நிரூபிக்கத் தேவையில்லை.

"அவ பொம்பள இல்லன்னு உனக்கு யாருல சொன்னா?" என்று கேட்டேன்.

"வீடியோவுல சொன்னாவ."

"அவகிட்ட கேட்டாவளா?"

சிரித்தான். "அது பொம்மை அத்தை" என்றவன், அடுத்து வந்தவளை அடிக்கக் கொஞ்சம் தயங்கினான். அதற்குள் அவள் இவனை உதைத்துத் தள்ளிவிட்டாள்.