நீங்க எந்த நாடு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றால், காரும் பைக்கும் காரவள்ளிப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. போனவர்களில் சிலர் திரும்பி வந்ததும் எழுதுகிறார்கள். ஓரி ஆண்ட மண், ஆதித் தமிழர், தினைச்சோறு, நம் வேர் இங்கேதான் இருக்கிறது. தமிழ் வாத்தியாராக இருந்த நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கும்போது, விற்ற பெரியவரிடம், "நீங்கதாங்க ஐயா இந்த மண்ணோட ஆதிக்குடி" என்றேன். படியில் மிளகைத் தலைதட்டிக்கொண்டே, "நாங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க வாத்தியாரே" என்றார். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை அது. காஞ்சியை விட்டு மலையேறிய அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்களாம். வேர் தேடி நாம் மலைக்குப் போகிறோம். மலையில் இருப்பவரோ தன் வேர் கீழே ஒரு நகரத்தில் என்கிறார். பிறகு அவர் கேட்டார்: "நீங்க எந்த நாடு?" நான் விழித்தேன். "நமக்கு வாழவந்தி நாடு" என்றார். மலையில் நாடு என்றால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்தது. அவ்வளவுதான். நான் எழுதிய பெரிய நாட்டில் அவருக்கு இடமிருந்தது, அவர் நாட்டுக்கு இல்லை.

வேர் தேடும் இந்த ஏக்கம் பொய்யல்ல. கொல்லிமலையில் உள்ள அறப்பளீஸ்வரர் கோயில் தேவார வைப்புத் தலம். தனிப் பதிகம் இல்லை, பாட்டில் பெயர் வருகிறது. பெயரை நினைப்பதே வழிபாடு என்று ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது. ஆனால் அதே கோயிலின் தலக்கதை இன்னொன்றும் சொல்கிறது. உழுதவனின் கொழு பட்டுத்தான் லிங்கம் வெளிப்பட்டதாம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது என்பார்கள். சாமி வெளிப்பட்டது ஏங்கியவனுக்கு அல்ல, உழைத்தவனுக்கு.

பக்தன் தன் ஏக்கத்தைத் தானே சுமக்கிறான். நாமோ அதை மலைக்காரர் தலையில் ஏற்றுகிறோம். சாமையும் தினையும் விளைந்த கொல்லைகளில் இப்போது குச்சிக்கிழங்கு நிற்கிறது. சேகோ மில்லுக்குப் போகிறது. பாரம்பரியம் போச்சே என்று எழுதுகிறோம். "சாமையை உரல்ல போட்டுக் குத்துனவளக் கேளுங்க" என்றார் அந்தப் பெரியவரின் வீட்டம்மா. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்பு மஞ்சளாக, நகம்போல் இருந்தது. சிறுதானியம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் கையைப் பார்க்காமல் வருத்தப்படுவது பாவம்.

நம்மிடம் பழைய பயண இலக்கியம் ஒன்று உண்டு, ஆற்றுப்படை. ஓரியைப் பேசும் சிறுபாணாற்றுப்படையும் அதில் சேர்ந்ததுதான். பரிசு பெற்று வருகிறவன், பசியோடு எதிரே வருகிறவனுக்கு வழி சொல்கிறான். வழியில் யார் எதை உண்ணக் கொடுப்பார்கள் என்றும் சொல்கிறான். தான் பட்ட கடனைச் சொல்லும் எழுத்து அது.

மலையேறி எழுதப் போகிறவர்களே, சோளக்காட்டில் கொஞ்சம் இறங்குங்கள். மிளகு விற்பவரிடம் அவர் எந்த நாடு என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.