தாதியின் பண்டிகை யாருக்குரியது?

2022 டிசம்பர் 31 அன்று, 60 வயதைக் கடந்த இலங்கை அரச ஊழியர்கள் ஒரே நாளில் பெருந்தொகையாக ஓய்வுபெற்றார்கள். 65 ஆக உயர்த்தப்பட்டிருந்த ஓய்வு வயதைப் பொருளாதார நெருக்கடியின் நடுவே அரசாங்கம் 60 ஆகக் குறைத்திருந்தது. மருந்துத் தட்டுப்பாடு நீடித்த காலம் அது. வைத்தியர்களும் தாதியரும் வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஓய்வுக்குப் பின் பதினைந்தாம் நாள் தைப்பொங்கல். வாட்டில் ஆள் போதாதபோது, ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பிள்ளைகளோடு பொங்கல் பொங்கி மகிழ்வது நியாயமா?

வேலை முடிந்தது, இனி என்ன கேள்வி என்று சொல்லிவிடலாம். மலையகத்தில் அது அவ்வளவு எளிதல்ல. ஹட்டனிலோ டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ வைத்தியசாலைக்கு வரும் முதிய தோட்டத் தொழிலாளி, தன் நோயைத் தமிழில்தான் சொல்ல முடியும். வலி எங்கே தொடங்கியது, எப்போது கூடியது, என்ன மாத்திரை முன்பே விழுங்கியாயிற்று என்பதைக் கேட்டு வைத்தியருக்குச் சொல்ல, தமிழறிந்த மிஸ்ஸி ஒருவர் பக்கத்தில் வேண்டும். தீபாவளிக்குச் சிங்களத் தாதியர் கடமையை ஏற்பதும் வெசாக்கிற்குத் தமிழர் அதை ஈடுசெய்வதும் நல்ல ஏற்பாடுதான். அதனால் ஆள் குறை தீரும்; மொழிக் குறை தீராது. தமிழ்த் தாதி இல்லாத நாளில் தமிழ் நோயாளி இழப்பது கூடுதல்.

இந்தக் குறை தானாக வந்ததல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு அரச உத்தியோகம் ஏது? எஞ்சியோரின் குடியுரிமைக்காக 2003 இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்ததே 1970களில்தான். அவற்றில் படித்த பிள்ளைக்கு, தாதியாவதற்கு வேண்டிய விஞ்ஞானக் கல்வி நெடுங்காலம் எட்டாக்கனி. ஆகவே லயத்தில் பிறந்து தாதியானவரைத் தோட்டமே தன் பெருமையாக எண்ணுகிறது. அந்தப் பெருமையே நாளடைவில், அவர் எந்நேரமும் கிடைக்க வேண்டும் என்ற உரிமைக்குரலாகிவிடுகிறது.

நோயாளியின் தேவை உண்மையானது. அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவர் யார் என்பதே கேள்வி. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழ் பேசும் ஒருவரை அந்தக் கட்டிலருகே நிறுத்தும் பொறுப்பு அன்றே அரசைச் சேர்ந்துவிட்டது. அரசு நிரப்பாத இடத்தை ஒரு பெண்ணின் குற்ற உணர்வைக் கொண்டு நிரப்புவது அநீதி. பண்டிகைதோறும் அவர் வந்து நின்றால், அங்கே வெற்றிடம் இருப்பதே மேலிடத்துக்குத் தெரியாமல் போகும். தியாகம் என்ற பாராட்டு, நியமிக்க வேண்டியவர்களை நிம்மதியாகத் தூங்க வைத்துவிடும்.

குடும்பத்தின் கணக்கு வேறு. உழைப்புக்காகத் தாதிக்குச் சம்பளம் கிடைத்தது. தீபாவளிக் காலையில் அம்மா இல்லாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகளுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. அவர்களைக் கேட்டும் யாரும் அந்த நாட்களை எடுக்கவில்லை. கடன் என்று ஒன்று இருந்தால் முதற்கடன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதைத் தீர்க்கும் முறையிலும் அநீதி நுழையலாம். வாட்டிலிருந்து திரும்பியவரை அடுப்படியில் நிறுத்தி, முறுக்குச் சுடுவதையும் பேரப்பிள்ளை பார்ப்பதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கும் வீடுகள் உண்டு. காலமெல்லாம் பிறரைக் கவனித்தவரைப் பண்டிகை நாளிலாவது பிறர் கவனிக்க வேண்டும். பொங்கல் பானையை மகன் இறக்கட்டும். அம்மா உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அயலவருக்கு எந்த உரிமையும் இல்லையா? உண்டு, அளவோடு. பிரஷர் பார்க்கவும் ஆறிவரும் புண்ணுக்கு மருந்து கட்டவும் பொங்கல் காலையில் வருவோரை நாளை வரச் சொல்வதில் பிழையில்லை. வைத்தியர் எழுதாத ஊசியைப் போடச் சொன்னால் எந்நாளும் மறுக்கத்தான் வேண்டும். இரத்தப்போக்கோடு ஒரு கர்ப்பிணி, மூச்சுத் திணறும் ஒரு குழந்தை என்றால் நிலைமை வேறு. குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் வாகனம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும்வரை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் அங்கே அவர் மட்டுமாக இருக்கலாம். அந்தக் கடமை அவர் அறிவிலிருந்து பிறப்பது. ஓய்வூதியம் அதை நீக்காது. அதே வேளை வாகனம் பிடிப்பதும், கூடவே போவதும், பண்டிகையை இழந்து இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் காத்திருப்பதும் தோட்டத்தார் எல்லோரும் ஏற்க வேண்டிய பங்கு.

எனவே ஓய்வுபெற்ற தாதி தன் பொங்கலைக் குறையின்றிக் கொண்டாடலாம், கொண்டாடவும் வேண்டும். அந்த மகிழ்ச்சி எந்த நோயாளியிடமிருந்தும் திருடப்பட்டதல்ல. நோயாளிக்கு வேண்டியது ஒருவரின் முடிவில்லாத தியாகமல்ல, அவர் விட்டுச்சென்ற இடத்தில் தமிழ் தெரிந்த இன்னொருவர். தாதியரை மதிக்கிறோம் என்று சொல்லும் மலையகச் சமூகம் அந்த நியமனத்தைக் கேட்டுப் பெறட்டும். தோட்டத்துப் பெண்பிள்ளைகளை விஞ்ஞானம் படிக்க அனுப்பட்டும். பொன்னாடையும் பாராட்டுரையும் அதற்குப் பிறகு வரட்டும்.