நிகமனம்

பெங்களூரிலிருந்து ஓசூரைக் கடந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், குன்றடியில் அமைந்த சூளகிரி வட்டாரத்திலே, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டுப் பள்ளிக்கு வந்து தமிழில் இலக்கியக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கும், தமிழே தாய்மொழியாக வாய்த்தவர்களுக்கும், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் ஒரே முறைதான் கற்பிக்கப்படுகிறது. இறுதிப் பகுதியில் 'இதுகாறும் கூறியவற்றால்' என்று தொடங்கி, முதலில் சொன்னதையே வினைமுற்றை மாற்றி மறுபடியும் சொல்லிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. வெறும் பரீட்சைப் பழக்கம் என்று இதைத் தள்ளிவிட என் மனம் இடந்தரவில்லை. சொன்னதை மீண்டும் சொல்வதால் அறிவுக்கு என்ன வந்து சேருகிறது என்பது, நம் தத்துவ தரிசனங்கள் பல நூற்றாண்டுகள் வாதித்த வினா.

நியாய சாஸ்திரம் பிறருக்கு உணர்த்தும் அநுமானத்துக்குப் பிரதிக்ஞை, ஏது, திருஷ்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து அவயவங்களை வகுத்தது. மலையில் நெருப்பு உண்டு என்பது பிரதிக்ஞை, புகை காண்பதால் என்பது ஏது, புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை திருஷ்டாந்தம், இம்மலையும் அவ்வாறே புகைகிறது என்பது உபநயம், ஆகவே நெருப்பு உண்டு என்பது நிகமனம். முதலும் இறுதியும் சொல்லளவில் ஒன்றே. மணிமேகலையில் அறவண அடிகள் பௌத்த அளவை நெறியை உபதேசிக்குமிடத்தில், உபநயமும் நிகமனமும் திருஷ்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று கூறிவிடுகிறார். இந்தத் துணிவு கட்டுரை எழுதுவோர் யாவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது. கட்டுரையில் பாடலை ஆராய்ந்த பகுதி பலவீனமாக இருக்கையில் எந்த முடிவுரையும் அதைக் காப்பாற்றப் போவதில்லை.

ஆயினும் நான் நியாய நெறியினராகிய நையாயிகர் பக்கமே சாய்கிறேன். பிரதிக்ஞையாக நிற்கும் வாக்கியம் ஐயத்துக்கு உட்பட்டது; நிகமனமாக வரும் வாக்கியம் அந்த ஐயத்தைக் கடந்து வந்தது. நெருப்பைப் பற்றிய வாதத்திலேயே இவ்வளவு வேறுபாடு உண்டென்றால், காவியத்தைப் பற்றிப் பேசுகிறவன், தன் உள்ளம் எதை ஏற்றது, எதை ஏற்க மறுத்தது என்பதையும் இறுதியில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு உதாரணம் தேடி அப்பிள்ளைகள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தம் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்னும் இராமாயணக் கதையைப் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தினார். கம்பரும் அதற்குப் பின்வரும் உத்தர காண்டம் பாடவில்லை. ராஜாஜியோ நிறுத்திய காரணத்தையும் சொன்னார்: உத்தர காண்டத்தில் அழகு உண்டென்று ஒப்புக்கொண்டு, சீதையைக் கானகத்துக்கு அனுப்பிய கதை நம் பெண்களின் துயரத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று கருதி, தம் உள்ளம் அதை ஏற்கவில்லை என்றும், யுத்த காண்டத்து அக்கினிப் பிரவேசங்கூடத் தமக்கு வேதனை தருவதாகவும் எழுதினார். இராமனைத் தெய்வமாக வணங்கிய ஒரு பக்தர், புனித நூலின் முன் தம் மனச்சாட்சியை மறைக்காமல் வைத்தது சாமானியமான காரியமன்று. அம்முடிவோடு நாம் மாறுபடலாம். சீதையின் கண்ணீரை விடுத்துக் காவியத்தை முடிப்பது நியாயமா என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படிக் கேட்க இடம் வைத்ததே அந்த முடிவுரையின் உயர்வு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: 'இதுகாறும்' என்பதை ஒரு பருவத்துக்கு விலக்கிவைத்து, பாடலைப் படித்தபின் எது உறுதியாயிற்று, எது இன்னும் உறுத்துகிறது என்று பிள்ளைகளை இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள், தமிழ் தடுமாறினாலும் அவற்றுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.