மூத்தோர் கணக்கு



மூத்தோரை மதிக்க வேண்டுமென்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதரஸாவில் அலிஃப், பே படித்த நாளிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் ஏன் மதிக்க வேண்டும் என்று கேட்டால் நம்மில் பலர் தடுமாறுகிறோம். 'அவர்கள் அனுபவசாலிகள், அறிவில் பெரியவர்கள்' என்பது வழக்கமான பதில். அப்படியானால் அறிவு குன்றிய முதியவரை என்ன செய்வது? நினைவு தப்பிப்போனவரை என்ன செய்வது? இதைக் கொஞ்சம் நிதானமாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் அனுபவத்தைத் தராசில் வைப்போம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தபின் மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. அவர்கள் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. ஆகவே சனங்கள் அதை வாழைமர நோட்டு என்றனர். கணக்கு வழக்கின்றி அச்சடித்தார்கள். நோட்டு பெருத்தது, அரிசி சிறுத்தது, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது, பெட்டி நிறைய அந்த நோட்டை வைத்திருந்தவன் கையில் வெறும் காகிதமே மிஞ்சிற்று.

அன்று பத்து வயதுச் சிறுவனாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், "மாதம் நூற்றுக்குப் பத்து லாபம் தருகிறார்களாம், முதல் போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குக் கைப்பேசி சரியாகத் தெரியாது. கம்பெனியின் பெயரும் வாயில் நுழையாது. "லாபம் எந்தச் சரக்கை விற்று வருகிறது, தம்பி?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் முதலைப் பறிகொடுத்தவர் எத்தனை பேர்!

முதியோர் அறிவு என்பது இதுதான். எல்லோரும் நிச்சயமென்று நம்பியது நிச்சயமில்லாமற் போனதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். நம் வட்டாரத்தையே பாருங்கள். 1885இல் இந்நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகத்தான். அந்த ரயிலும் இல்லை. 1985இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபின் ஈயமும் பழைய ஈயமாக இல்லை. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாயின. சம்பள நாளை நம்பிக் கடன் கொடுத்த தோட்டத்துக் கடைகளும் அவற்றோடு போயின. இத்தனையும் பார்த்தவரைக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, ஆலோசனை கேட்க வேறெங்கோ அலைகிறோம்.

ஆயினும் நியாயம் பேசும்போது மறுபக்கத்தையும் பேச வேண்டும். நரைத்த தலையெல்லாம் நிறைந்த தலை ஆகிவிடாது. ஹலரத் உமர் (ரலி) அவர்கள் தம் சபையில் பத்ரு வீரர்களான பெரியோர்களுக்கு இணையாக வாலிபரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர்த்தினார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. சூரத்துன் நஸ்ரின் கருத்தென்ன என்று உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் எல்லோரையும் கேட்க, நாயகம் (ஸல்) அவர்களின் மறைவு நெருங்கியதை அது அறிவிக்கிறது என்று சரியாகச் சொன்னவர் அந்த வாலிபரே. ஆகவே அறிவுக்கு மட்டுமே மரியாதை என்றால், அது பல சமயம் இளையவருக்கே போய்ச் சேரும். மறதி பிடித்த முதியவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இங்கேதான் அதே உமர் (ரலி) அவர்களைப் பற்றிய இன்னொரு செய்தி நமக்கு வழிகாட்டுகிறது. இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் கிதாபுல் கராஜில் அதைப் பதிந்திருக்கிறார்கள். கண்பார்வையற்ற யூத முதியவர் ஒருவர் வாசலில் நின்று யாசிக்கிறார். வரியும் வறுமையும் முதுமையும் தம்மை இந்நிலைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார். கலீபா அவரைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய்க் கொடுத்தார்கள். பிறகு அவருக்கும் அவர் போன்றோருக்கும் வரியை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவச் செய்தார்கள். இளமையின் உழைப்பைத் தின்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

கவனியுங்கள்: அந்த முதியவரிடம் ஞானம் உண்டா என்று கலீபா கேட்கவில்லை. அவர் நம் மார்க்கத்தவருமல்லர். வியாபார பாஷையில் சொன்னால், இது தர்மக் கணக்கில் எழுத வேண்டிய தொகையன்று, கடன் கணக்கில் எழுத வேண்டிய தொகை.

அந்தக் கடனை மறந்தோர் பெருகியதால்தான் பெற்றோரைப் பேணுவதற்கென்று சிங்கப்பூரில் 1995இலும் இந்தியாவில் 2007இலும் சட்டம் போட வேண்டியதாயிற்று. சட்டம் சோற்றுக்கு வழி செய்யும். முகம் கொடுத்துப் பேச வைக்குமா? முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஓசைகூட எழக் கூடாதென்கிறது திருமறை. ஒரே கேள்வியை நாலாம் முறை கேட்கும் வாப்பாவுக்கு, முதல் முறை போலவே பதில் சொல்வதுதான் கடனடைப்பு. முப்பது வருஷம் நம் கடையில் பொட்டலம் கட்டி ஓய்ந்தவருக்கும் அதில் பங்குண்டு.

பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கல்லாப்பெட்டிச் சாவியை உரிய காலத்தில் மகனிடம் கொடுங்கள். கேட்காத புத்தியைக் குறைத்து, கேட்ட புத்தியை நிறைத்துச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டிய நமக்கும் அந்த நாற்காலி வெகு தூரத்தில் இல்லை.

ஆகவே சகோதரர்களே, அசருக்குப் பின் அரைமணி நேரம் அவர்களோடு தேநீர் அருந்துங்கள். பதில் சொல்லத் தெம்பிருக்கும்போதே கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். பதில் சொல்ல முடியாத நாள் வந்தாலும் அந்த அரைமணி நேரத்தைக் குறைக்காதீர்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! வஸ்ஸலாம்.