உடைசல் கணக்கு

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 'உடைசல்' கெட்ட வார்த்தை இல்லை. அட்டைக்கு 30 முட்டை. கேரளாவுக்கு லாரி ஏற்றும்போதே சிலது உடையும். அப்பா அதை நோட்டில் எழுதிவிடுவார். சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். "எழுதிட்டா கணக்கு கண்ணு. எழுதலைன்னா அடுத்தவன் தலையில விடியும்" என்றார்.

நான் லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர் எழுதுகிறேன். அதுவும் சரக்குப் போக்குவரத்துதான். கெர்னல் ஒரு பாக்கெட்டைக் கொடுக்கும். டிரைவர் 'சரி' என்று வாங்கிக்கொண்டால், அந்த நினைவகத்தை விடுவிப்பது அதன் பொறுப்பு. மறந்தால் நினைவகம் கசியும். இரண்டு தடவை விடுவித்தால் கெர்னலே விழுந்துவிடலாம்.

விடுவிக்க இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. ஒன்று 'வேலை முடிந்தது' என்கிறது, மற்றது 'தொலைத்துவிட்டேன்' என்கிறது. நினைவகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பாக்கெட் எங்கே தொலைகிறது என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே 2009-ல் இவற்றைப் பிரித்தார்கள்.

போன மாதம் ஒரு சிக்கல். பாக்கெட் போய்ச் சேரவில்லை, ஆனால் இழப்புக் கவுண்டரில் பூஜ்ஜியம். மூன்று ராத்திரி தேடினேன். பாக்கெட்டை நெட்வொர்க் கார்டிடம் ஒப்படைக்க முடியாமல் போகும் இடத்தில், யாரோ அதைக் கைவிட்டுவிட்டு 'வேலை முடிந்தது' என்று விடுவித்திருந்தார்கள். கிட்டில் பார்த்தேன். அந்த வரியை எழுதியது நான்தான், இரண்டு வருஷம் முன்பு.

திருத்தம் இரண்டே வரி. 'கோடு சுத்தம்' என்று தலைப்பு போட்டு அனுப்பியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. பிழைதான் திருந்திவிட்டதே, பெயர் எதற்கு? அன்றைக்கு இந்த வாதம் எனக்கு நிஜமாகவே நியாயமாகப் பட்டது.

ஆனால் லினக்ஸில் 'ஃபிக்சஸ்' என்று ஒரு வரி எழுதும் வழக்கம் உண்டு. பிழையைக் கொண்டுவந்த பழைய மாற்றத்தின் அடையாள எண் அதில் வரும். எந்தப் பழைய கெர்னலுக்கெல்லாம் திருத்தம் தேவை என்று பராமரிப்பவர்கள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அதை நான் மறைத்தால், எங்கோ ஒருத்தர் அந்தப் பூஜ்ஜியத்தை நம்பி, கேபிளை மாற்றிக்கொண்டு, கூட வேலை செய்யும் பையனைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுதாத இழப்பு காணாமல் போவதில்லை. அது குற்றமில்லாத ஒருவர்மேல் சந்தேகமாக மாறுகிறது. அப்பா சொன்ன 'அடுத்தவன்' யார் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த வரியைச் சேர்த்தே அனுப்பினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏற்றுக்கொண்டார்கள்.

மறுநாள் டெஸ்ட் மெஷினில் கவுண்டர் 17 காட்டியது. தொலைவது இன்னும் நிற்கவில்லை, காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும். ஆனாலும் அந்த 17-ஐப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது.