சிதைக்காத சோதனை

சோதனை என்ற சொல் தமிழில் இரு பொருள் தருவது. ஆராய்ந்தறிதலும் சோதனை, மனிதர்க்கு நேரும் துன்பமும் சோதனை. அறிதல் என்பது அறியப்படும் பொருளுக்குப் பன்னெடுங்காலம் துன்பமாகவே இருந்துவந்துள்ளது. உலோகத்தின் வலிமையை அறிய அதனை முறியும்வரை இழுத்தனர். ஓவியத்தின் வண்ணப் படைகளை அறிய அதிலிருந்து ஒரு துணுக்கைப் பெயர்த்தெடுத்தனர். அறியும் உரிமை சிதைக்கும் உரிமையையும் உள்ளடக்கியதா என்பதே நம்முன் உள்ள வினா.

1946 இல் பீலிக்ஸ் புளொக், எட்வேர்ட் பேர்செல் ஆகிய இருவரின் குழுக்களும் தனித்தனியே கருக்காந்தப் பரிவை வெளிப்படுத்தின. காந்தப் புலத்தில் இருக்கும் ஐதரசன் அணுக்கருக்கள் குறித்த அதிர்வெண்ணுடைய வானொலி அலைக்கு மறுமொழி தருகின்றன. தடையின்றி அசையும் நீரில் அம்மறுமொழி மெல்லத் தேயும். இறுகிய பொருளில் விரைந்து மறையும். இவ்வேறுபாட்டைக் கொண்டு பொருளின் உள்நிலையை அறியலாம். ஆயின் பொதுவாகப் பொருளே காந்தத்தினுள் செல்லவேண்டியிருந்தது. ஓவியம் தீட்டிய சுவரைப் பெயர்த்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்வது எங்ஙனம்?

1990களில் ஜேர்மனியின் ஆகன் நகரில் பேர்ன்ஹார்ட் புளூமிக்கும் அவருடைய குழுவினரும் இந்நிலையை மாற்றினர். அவர்கள் அமைத்த சிறு கருவியின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்கள் ‘மவுஸ்’ எனக் கூடிச் சுண்டெலியைக் குறிக்கும். அதனைப் பொருளின்மேல் வைத்தால், மேற்பரப்பின் கீழே சில மில்லிமீற்றர் ஆழத்திலுள்ள படை விடையளிக்கும். பொருள் காந்தத்தை நாடிச் சென்ற காலம் போய், காந்தம் பொருளை நாடிச் செல்லும் காலம் வந்தது.

இக்கருவி முதலில் பயன்பட்ட துறைகளுள் ஒன்று ரயர் முதலிய இறப்பர்ப் பண்டங்களின் ஆய்வு. வெட்டிப் பார்த்த ரயர் விற்பனைக்கு உதவாது. ஆகவே இம்மென்மை கருணையினால் மட்டும் பிறந்ததன்று. சந்தையின் கணக்கும் அதிலே கலந்திருக்கிறது. எனினும் சந்தைக்காகத் தோன்றிய கருவி சந்தையோடு நின்றுவிடவில்லை. கி.பி. 79 இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் நகரின் சுவர்களிலும் மொசைக் ஓவியத்திலும் ஈரத்தையும் சாந்துப் படைகளையும் அது ஆராய்ந்தது. மாளிகைக்கு உரியவர்களின் செல்வத்தை அவ்வோவியங்கள் பறைசாற்றுகின்றன. கல்லைக் கல்லோடு பொருத்திய கைகளின் பெயரை நாம் அறியோம். அக்கைகள் சாந்து பூசிய முறையை, அவர்களுடைய உழைப்பைக் குலைக்காமலே, இன்று அறிய முடிகிறது. உழைப்பாளிக்கு விஞ்ஞானம் செலுத்தும் மரியாதைகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் மென்மையை மந்திரமாக்கிவிடுதல் தவறு. 1991 இல் அல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித உடலையும் இக்கருவி தீண்டாமல் ஆராய்ந்தது. ஆனால் அம்மனிதன் இறுதியாக உண்டது யாது என்பதைச் சுண்டெலியால் கூற இயலவில்லை. 2010 இல் உடலின் உறைநிலையைத் தளர்த்தி, இரைப்பையிலிருந்து மாதிரிகள் எடுத்த பின்னரே, காட்டாட்டு இறைச்சியும் மானிறைச்சியும் கோதுமையும் அவன் உணவென்பது தெளிவாயிற்று. அன்று கத்தி வைத்தது குற்றமா? அன்று. சிதைக்காமல் அறியும் வழிகள் முடிந்த இடத்தில், பெறப்போகும் அறிவு இழப்பினும் பெரிது என்று பொறுப்போடு எடைபோட்ட பின் வைக்கும் கத்தி வேறு. எளிதென்பதற்காகவே வைக்கும் கத்தி வேறு. முன்னதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன் ஆராய்ச்சியாளன். பின்னதற்குச் சொல்லக் காரணமே இல்லை.

விலையுயர்ந்த ஓவியத்துக்கு நாம் காட்டும் இந்தக் கவனம், விலை குறிக்கப்படாதவற்றுக்குக் கிட்டுவதில்லை. உழைக்கும் மக்களின் வாழ்வை ஆராயப் புகுவோர் பலர், அவர்களைத் தம் அலுவலகங்களுக்கு அழைத்து, வரிசையில் நிறுத்தி, வினாத்தாளால் குடைந்து, பின்னர் மறந்துவிடுகின்றனர். நமது பரீட்சை முறையும் மாணவனின் அறிவை அளக்கும் அவசரத்தில் அவ்வறிவின் ஊற்றையே அடைத்துவிடுவதுண்டு. சுவருக்கும் மொசைக்குக்கும் கிடைத்த நியாயம் மனிதருக்கும் கிடைக்கவேண்டும். அறிய விரும்புவோன் அறியப்படுவோரை நாடிச் செல்லட்டும். அவர்கள் முழுமையை ஊறுபடுத்தாமல் கேட்கட்டும். விடை வரும்வரை காத்திருக்கட்டும். அத்தகைய சோதனை ஒருவர்க்கும் துன்பமாகாது.