கூலி கேளாத உழைப்பு கணக்கில் சேருமா?

கடை நடத்துகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும், "போட்ட முதல் திரும்புமா?" என்று கேட்பான். அதை இழிவென்று சொல்ல நாம் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேளாதவனுடைய கடை அதிக நாள் திறந்திராது. முதலுக்கும் கணக்கு வேண்டும். நேரத்துக்கும் கணக்கு வேண்டும். ஆனால் உலகத்தில் வேறு விதமான சில வேலைகளும் இருக்கின்றன. பொருள் நம்முடையதன்று, பலன் நமக்கு வருமென்ற உறுதியில்லை, உரியவரோ அதைக் கைவிட்டு விட்டார். அத்தகைய வேலையில் ஒருவன் தன் ஓய்வு நாளைச் செலவிட்டால் அவனை என்னவென்று அழைப்பது? தர்மவான் என்பதா? கணக்குத் தெரியாதவன் என்பதா? அல்லது உரியவரின் சோம்பலுக்குத் துணைபோகிறவன் என்பதா? மூன்று பதிலையும் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. மூன்றாவது பதிலைச் சொல்கிறவர்களை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

வெறும் வாதமாகப் பேசினால் இது முடிவுக்கு வராது. நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரின் தென்புறத்திலிருந்து ஷேக்ஸ்பியர் பிறந்த ஊராகிய ஸ்ட்ராட்போர்டுக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1793இல் சட்டம் நிறைவேறியது. 1816இல்தான் தண்ணீர் ஸ்ட்ராட்போர்டைத் தொட்டது. நிலக்கரியும் மற்றச் சரக்குகளும் குதிரை இழுக்கும் படகுகளில் வந்தன. மேட்டு நிலத்திலிருந்து தாழ்வுக்கு இறங்க 'லாக்' என்னும் மதகுத் தொட்டிகள் கட்டினார்கள். இரு பக்கமும் கதவுள்ள செங்கல் தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் மேற்கதவை அடைத்து நீரை வடியவிட்டால் படகு மெல்லத் தாழ்ந்து, கீழ்க்கதவு வழியாக வெளியேறும். கால்வாயின் தென்பாதியில், அதாவது 13 மைல் தூரத்தில் மட்டும், இத்தகைய தொட்டிகள் 30க்கும் மேல்.

பிறகு ரயில் வந்தது. அதோடு நின்றிருந்தால் போட்டி என்று விட்டுவிடலாம். ஆனால் ரயில் கம்பெனியே கால்வாயை விலைக்கு வாங்கிக்கொண்டது. எதிர்க்கடைக்காரன் நம் கடையை வாங்கிவிட்டால் அதற்கு வெள்ளையடிப்பானா? சட்டத்துக்குப் பயந்து பலகையை மட்டும் மாட்டி வைத்திருப்பான். கால்வாய்க்கும் அதுவே நேர்ந்தது. வண்டல் சேர்ந்தது, கதவுகள் உளுத்தன, சுவர்கள் சாய்ந்தன, நாணல் முளைத்தது. 1948இல் ரயில்களோடு சேர்ந்து கால்வாய்களும் சர்க்கார் உடைமையாயின. யுத்தத்தில் இளைத்துப்போன தேசம். பங்கீட்டு அட்டைக் காலம். வீட்டுக்கே செங்கல் கிடைக்காதபோது கால்வாய்க்கு யார் செங்கல் கொடுப்பார்?

1958இல் வார்விக்ஷயர் கவுண்டி கவுன்சில் இந்தத் தென்பாதியை அடியோடு மூடிவிட அனுமதி கேட்டது. காரணம் மிக எளிது. வில்ம்கோட் என்ற இடத்தில் கால்வாயின் மேல் ஒரு பழைய பாலம் பலமிழந்திருந்தது. கீழே படகு போகும்படி உயர்த்திக் கட்டினால் செலவு அதிகம். கால்வாயே இல்லையென்றாகிவிட்டால் செலவு குறைவு. கணக்குப் பிழையில்லாத யோசனைதான். நாமும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அப்படித்தான் கையெழுத்திட்டிருப்போமோ என்னவோ!

சட்டம் ஒரு கேள்வி கேட்டது. கடந்த 3 ஆண்டுகளில் அந்தக் கால்வாயில் யாராவது படகு விட்டதுண்டா? இல்லையென்றால் மூடலாம். யாரும் விட்டிருக்க முடியாது என்றே அதிகாரிகள் எண்ணினார்கள். ஆனால் கனோ என்னும் சிறு துடுப்புப் படகில் அவ்வழியே போனவர்கள் முறைப்படி கட்டணம் செலுத்திச் சீட்டு வாங்கியிருந்தார்கள். வாங்கியதோடு நில்லாமல் அதைப் பத்திரமாகவும் வைத்திருந்தார்கள். சீட்டு வெளியே வந்தது. 1959இல் மூடும் அனுமதி மறுக்கப்பட்டது. ரசீதைக் கசக்கி எறியாதே என்று நம் பெரியவர்கள் பையன்களைக் கடிந்துகொள்வதன் அருமை இப்போது தெரிகிறதல்லவா? நாணலும் சேறும் நிறைந்த வாய்க்காலில், கேட்பார் இல்லாத இடத்தில், அந்தக் கட்டணத்தை ஏய்த்துவிட்டுப் போவது எவ்வளவு எளிது! கட்டினார்கள். அந்தச் சிறு நேர்மைதான் 13 மைல் கால்வாயைக் காப்பாற்றிய சாட்சியாக நின்றது.

மூடக் கூடாது என்று சொல்லியாயிற்று, திறப்பது யார்? 1960இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனம் கால்வாயைக் குத்தகைக்கு ஏற்றது. 1961 மார்ச்சில் வேலை தொடங்கியது. டேவிட் ஹட்சிங்ஸ் என்பவர் முன்நின்றார். வேலைக்கு வந்தவர்களைப் பாருங்கள்: வார இறுதியில் அலுவலகத்தையும் பட்டறையையும் விட்டு வந்தவர்கள், சாரணச் சிறுவர்கள், ராணுவத்தார், பர்மிங்ஹாமின் வின்சன் கிரீன் சிறைக் கைதிகள். இடையிலே 1962–63 குளிர்காலம் வந்தது. இங்கிலாந்து அப்படியொரு குளிரைக் காண்பது அபூர்வம். கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. எஞ்சியிருந்த சரக்குப் படகுத் தொழிலும் அதோடு பெரும்பாலும் முடிந்தது. கால்வாயில் சரக்கு ஏற்றுகிறவர்களே கைவிட்ட அந்த நேரத்தில், கால்வாயைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் கைவிடவில்லை. 1964 ஜூலை 11ஆம் நாள், ஷேக்ஸ்பியரின் 400ஆம் பிறந்த ஆண்டிலேயே, ராணியின் தாயார் வந்து கால்வாயைத் திறந்து வைத்தார்.

இனி மூன்றாவது பதில்காரரின் வாதத்துக்கு வருவோம். அவர் சொல்வது இது: "சர்க்கார் வரி வாங்குகிறது. உடைமையும் சர்க்காருடையது. நீர் போய் இலவசமாகச் சேறு அள்ளினால், அடுத்த முறையும் சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டிருக்கும். அன்றியும், கூலிக்கு அள்ளவேண்டிய ஒருவனுடைய பிழைப்பில் நீர் மண்ணைப் போடுகிறீர்."

இது கடுமையான வாதம். உண்மையும் இதில் உண்டு. சிங்கப்பூர் ஆற்றை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அதில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் நம் சூலியாக்கள் பெரும் பங்கினர். அந்த ஆறு பின்னாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கவேண்டிய நிலைக்கு வந்தது. 1977 முதல் 1987 வரை 10 ஆண்டுகள் சர்க்காரே முனைந்து அதைத் துப்புரவாக்கியது. தொங்கான்கள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. வார இறுதி மண்வெட்டிகளால் அந்த வேலை ஆகியிராது. பெரிய பொறுப்பு பெரிய கையில்தான் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேடவேண்டியதில்லை.

ஆயினும் ஸ்ட்ராட்போர்டில் அன்று இருந்த தெரிவு எது? கூலியாளா, தொண்டரா என்பதன்று. தொண்டரா, ஒன்றுமில்லையா என்பதுதான். உரியவர் மூடிவிடுவதென்றே தீர்மானித்துவிட்ட பிறகு அங்கே எவனுக்கும் கூலி காத்திருக்கவில்லை. அன்றியும் அவர்கள் முதலில் மண்வெட்டியை எடுக்கவில்லை; வாதாடினார்கள். மூடும் அனுமதியைத் தடுத்த பிறகே சேற்றில் இறங்கினார்கள். வாதாடாமல் உழைக்கிறவன் ஏமாளி ஆகலாம். உழைக்காமல் வாதாடுகிறவனைப் பற்றி நாம் சொல்லவே வேண்டியதில்லை, கூட்டங்களில் பார்த்திருக்கிறோம்.

கைதிகள் விஷயம் நம்மைச் சற்றுத் தயங்கவைக்கிறது. சுவருக்குள் இருப்பவனிடம் "வருகிறாயா?" என்றால் அவன் சொல்லும் "வருகிறேன்" என்பதை முழு மனச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? திறந்த வெளியும் நல்ல காற்றும் கிடைக்குமென்றே ஒருவன் வந்திருக்கலாம். இதில் ஹட்சிங்ஸைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் தொண்டு என்ற சொல்லை எல்லார் தலையிலும் ஒன்றுபோல் சூட்டிவிடவும் கூடாது. மற்றவன் போட்டது அவனுடைய ஞாயிற்றுக்கிழமை. கைதிக்கு அவனுடையதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததா?

இதற்கு முன்பே இன்னொரு சச்சரவு நடந்திருந்தது. வர்த்தகர்கள் கவனிக்கவேண்டிய சச்சரவு. கால்வாய்களைக் காக்க 1946இல் ஒரு சங்கம் அமைத்தவர்கள் ராபர்ட் ஐக்மன், டாம் ரோல்ட் என்ற இருவர். ஐந்தாண்டுக்குள் பிரிந்தார்கள். ஒவ்வொரு கால்வாயையும் காக்க வேண்டும், எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றார் ஐக்மன். இருக்கும் பலத்தை அளந்து, சரக்கு ஓடுகிற, படகோட்டிகள் பிழைக்கிற வழிகளை முதலில் காப்போம் என்றார் ரோல்ட். 1951இல் ரோல்ட் சங்கத்தை விட்டே நீக்கப்பட்டார். சங்கங்கள் எந்தத் தேசத்திலும் சங்கங்களே!

நம் புத்தி முதலில் ரோல்ட் பக்கமே சாய்கிறது. ஓடாத சரக்கைத் தள்ளிவிட்டு ஓடுகிற சரக்கில் முதலைப் போடு என்பது கடையின் பாலபாடம். ஆனால் நடந்ததென்ன? ரோல்ட் நம்பிய சரக்குப் போக்குவரத்து அந்த உறைகுளிரோடு ஏறக்குறைய மறைந்தது. எதற்கும் உதவாது என்று தள்ளப்பட்ட வாய்க்கால்களில் உல்லாசப் படகுகளும், கரையில் நடப்பவர்களும், தூண்டில் போடுகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1951இல் உட்கார்ந்து கணக்குப் போட்ட எவருக்கும் இந்த வரவு பேரேட்டில் தெரிந்திராது. ஐக்மனின் முடிவு வென்றது. ஆனால் ரோல்ட் சொன்ன காரணம் பிழையென்று நாம் இன்றும் சொல்ல மாட்டோம். இன்றைய தேவையை வைத்து ஒன்றை உதவாதென்று புதைத்துவிட்டால், நாளைக்கு வருகிறவன் எதைத் தோண்டி எடுப்பான் என்பது மட்டும் நம்மை உறுத்துகிறது. கடையில் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்றுவிடலாம். தூர்த்து வீடு கட்டிய கால்வாயை எந்த விலைக்கும் திரும்ப வாங்க முடியாது.

ஸ்ட்ராட்போர்டு வேலை முடிந்ததும் ஹட்சிங்ஸ் ஓய்ந்துவிடவில்லை. அந்த ஊரைத் தொட்டு ஓடும் ஏவன் ஆற்றின் மேற்பகுதி ஏறத்தாழ நூறாண்டாகப் படகு செல்ல இயலாமல் கிடந்தது. 1969இல் அதிலும் கை வைத்தார். 1974இல் அதுவும் திறந்தது. அதற்கு வந்த பணத்தில் பெரும் பகுதி பெயர் சொல்லாத கொடை. நம்மவர்களில் நன்கொடைப் பட்டியலில் தம் பெயர் மூன்றாவது வரியில் வந்துவிட்டதென்று செயலாளரோடு ஒரு வருஷம் பேசாதிருந்தவர்களை நாம் அறிவோம். ஆகவே இந்தச் செய்தியை இங்கே குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை.

திறப்பு விழாவோடு கதையை நிறுத்தினால் இனிப்பாக இருக்கும். ஆனால் கடை திறக்கும் நாளில் மாலையும் சர்பத்தும் உண்டு. மறுநாள் காலை விளக்குமாறு பிடிக்க ஆள் தேடவேண்டும். மரக்கதவு மறுபடியும் உளுக்கும். வண்டல் மறுபடியும் சேரும். மூன்று ஆண்டுகளில் திறந்த கால்வாயை ஆண்டாண்டாகப் பேணும் செலவு நேஷனல் டிரஸ்டுக்குப் பளுவாயிற்று. 1988இல் அது சர்க்காரின் நீர்வழி நிர்வாகத்திடமே திரும்பிச் சென்றது. 2012இல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவற்றைச் சர்க்கார் ஒரு தர்ம ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தது. ஆண்டுதோறும் மானியம் தருவதாக ஏற்பாடு. 2023இல், 2027க்குப் பிறகு அந்த மானியம் படிப்படியாகக் குறையும் என்று அறிவித்தது.

இப்போது மூன்றாவது பதில்காரரின் குரல் 1961இல் இருந்ததைவிட உரக்கக் கேட்கிறது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இருப்பது கால்வாய்க்குப் பலமா, அல்லது மானியத்தைக் குறைப்பவருக்குக் கிடைத்த சாக்கா? நம் அபிப்பிராயத்தில், இரண்டும்தான். முன்பு உரியவர் கைவிட்டதைத் தொண்டர் எடுத்தார். இன்று தொண்டர் கையில் எடுத்திருப்பதைக் காட்டி உரியவர் விலகப் பார்க்கிறார். செயல் ஒன்றே, இடம் மாறியதும் அதன் நியாயமும் மாறுகிறது. ஆகவே தொண்டு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. என் உழைப்பு இப்போது ஒரு மூடிய கதவைத் திறக்கிறதா, அல்லது திறந்திருக்கவேண்டிய கதவை ஒருவர் மூடிக்கொள்ள உதவுகிறதா என்று தொண்டன் அவ்வப்போது தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் இரண்டாவதாக இருந்தால் மண்வெட்டியைக் கீழே போட வேண்டுமா? அதை நம்மால் துணிந்து சொல்ல முடியவில்லை. அவன் போட்டுவிட்டால் முதலில் வாடுவது மானியத்தைக் குறைத்தவரல்லர், கால்வாய்தான். ஒரு கையில் மண்வெட்டியும் ஒரு கையில் மனுவுமாக நிற்பதே முறையென்று படுகிறது. அது களைப்புத் தரும் நிலைதான்.

அந்தக் கால்வாயில் இரும்புப் பாலங்கள் சில இருக்கின்றன. நடுவில் ஒரு சிறு பிளவு விட்டுக் கட்டியவை. படகை இழுக்கும் குதிரையின் கயிறு அந்தப் பிளவு வழியாகப் போகும். குதிரையை அவிழ்த்துக் கட்டவேண்டியதில்லை. குதிரைகள் போய் நெடுநாளாயிற்று. பிளவு இன்னும் அப்படியே இருக்கிறது. அவ்வழியே இன்று உல்லாசப் படகுகள் வருகின்றன. கோடைக்காலத்தில் அந்நாட்டுக் கால்வாய்களின் மதகுத் தொட்டிகளில், கூலி வாங்காத தொண்டர்கள் நின்று கதவைத் தள்ளித் திறந்து, படகு வெளியேறியதும் மறுபடி அடைத்துவிட்டு, அடுத்த படகுக்காகக் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.